நேர்காணலும் வாய்மையும்

சென்ற புரட்டாசித் திங்களில் நம் இல்லத்திற்கு ஒரு நற்செய்தி வந்தது. சென்னையை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் நம் பேத்தியைப் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று, கல்லூரிக்கே வந்து நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்தது. படிப்பு முடியும் முன்பே வேலை. மகன் தெருவில் எதிர்ப்பட்டோரிடமெல்லாம் சொன்னான். மருமகள் பாயசம் வைத்தாள். நாமும் ஜினாலயம் சென்று வணங்கி வந்தோம். தீபாவளிக்கு ஊர் வந்த பேத்தியின் முகத்தில் மட்டும் அந்த மகிழ்ச்சியைக் காணோம். இரண்டாம் நாள், பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவள் கேட்டாள்: “பாட்டி, நான் நேர்காணலில் சொன்னது பொய்யா?”

கேள்வி சிறியது. விடை சொல்ல நமக்கு மூன்று நாள் பிடித்தது. 36 ஆண்டுக் காலம் பிள்ளைகளிடம் ‘பொய் சொல்லாதே’ என்று சொல்லி ஊதியம் பெற்றவர்களுக்கு இது சற்று நாணத்தக்க நிலையே. ஆயினும் இன்று நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் இத்தகைய நேர்காணல்களுக்குச் சென்று வருகின்றனர். எனவே அக்கேள்வியை இவ்விதழ் வாசகர்கள் முன் வைப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

முதலில், நம் தலைமுறையினருக்காக ஒரு சொல். நாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தது 1968இல். இன்று நம் பிள்ளைகள் பெரிதும் நாடும் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான் என்பது அண்மையில்தான் நமக்குத் தெரிந்தது. அப்படி ஒன்று பிறந்த செய்தி அன்று எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் எட்டியிராது. 1970இல் பயிற்சியை முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தோம். கையில் ஓர் அட்டை தந்தனர். பிறகு காத்திருந்தோம். 1973இல் பதிவு மூப்பின்படி முறை வந்தது; அழைப்பும் வந்தது. சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று எவரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்பவர் தம்மைப் புகழ்ந்துகொள்ள வேண்டியதில்லை அன்றோ? அம்முறையை உயர்த்திச் சொல்லவும் நாம் துணியவில்லை. நம்முடன் பயின்றவர்களில் சிலர் நரை கண்ட பிறகே ஆணை பெற்றனர். சிலர் பெறவே இல்லை.

இப்போதைய முறை வேறு. இறுதியாண்டின் தொடக்கத்திலேயே நிறுவனங்கள் கல்லூரிக்கு வருகின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு இருக்க வேண்டும், அரியர் இருத்தல் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளைப் பல நிறுவனங்கள் வைக்கின்றன. அடுத்து, கணினி வழியாக ஒரு தேர்வு. எண்கணிதம், தருக்கம், ஆங்கிலம், நிரல் எழுதுதல் என்று அது நீள்கிறது. அதில் தேறியோரைத் துறை அறிவு குறித்து ஒருவர் நேர்காண்பார். பின்னர் மனிதவளப் பிரிவினர் நேர்காண்பர். பிறகு பணி வழங்கும் கடிதம். 1994இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட் முதலான நிறுவனங்கள் இவ்வாறு ஆயிரக்கணக்கில் ஆளெடுத்ததனாலேயே, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இன்று பணிபுரிகின்றனர். இந்நன்மையை மறந்து பேசுவது முறையன்று. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் இத்தகைய வேலைகளுக்குத் தேவையான திறன்களை மாணவர்களுக்குப் பயிற்றுகிறது.

ஆனால் இப்புதிய முறையில் வரிசை என்பது இல்லை. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே முன்வைக்க வேண்டும். அதற்கு முதற்கருவி ‘ரெஸ்யூம்’ எனப்படும் தன்விவரக் குறிப்பு. பேத்தியும் தோழியருமாக நால்வர் எழுதிய குறிப்புகளை வாங்கிப் பார்த்தோம். நான்கிலும் கடின உழைப்பாளி. நான்கிலும் விரைவில் கற்பவர். நான்கிலும் குழுவோடு இணைந்து இயங்குபவர். வகுப்பறையில் நான்கு விடைத்தாள்கள் இப்படி வந்தால் என்ன செய்திருப்போம் என்பதை ஆசிரியராய் இருந்தோர் அறிவர். “இதை எழுதியது யார்?” என்றோம். சிரித்துக்கொண்டே, “சாட்ஜிபிடி, பாட்டி” என்றாள் பேத்தி. 2022 நவம்பரில் வெளிவந்த அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் அது நொடியில் எழுதித் தருமாம். பல பெரிய நிறுவனங்களில் குறிப்புகளை முதலில் சலித்தெடுப்பதும் மென்பொருளேயாம். இயந்திரம் எழுத, இயந்திரம் படிக்க, இடையில் நம் குழந்தையின் பெயர் மட்டும் அவளுடையதாய் இருக்கிறது.

இனி, நடந்ததைச் சொல்வோம்.

மூன்றாம் ஆண்டிலேயே அவர்கள் நால்வரும் சேர்ந்து ஒரு திட்டப்பணியைத் தொடங்கியிருந்தனர். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் மோட்டார் தானே நின்று, செய்தி கைபேசிக்குச் செல்லும்படியான ஒரு கருவி. இவ்வெண்ணம் நால்வரில் ஒருத்திக்குத் தோன்றியது. அவள் தந்தை தம் ஊரில் அத்தொட்டியை இயக்கும் பணியில் இருப்பவர். நள்ளிரவில் எழுந்து சென்று மோட்டாரை நிறுத்துபவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் அவளே. நிரல் முழுவதையும் அவள்தான் எழுதினாள். விடுதி அறையில் வாளியில் நீரை நிரப்பி நிரப்பிச் சோதித்தவளும் அவளே. உடன் பயிலும் இளைஞர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று உறுப்புகளை வாங்கி வந்தார். நம் பேத்தி அறிக்கை எழுதினாள், படங்கள் வரைந்தாள், ஆசிரியர்கள் முன் விளக்கிப் பேசினாள். நான்காமவர் செலவில் தம் பங்கைத் தந்தார். அச்சிட்டுக் கட்டமைக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டார்.

நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழாக்கித் தருகிறோம். “உங்கள் திட்டப்பணி பற்றிச் சொல்லுங்கள்” என்றார் அதிகாரி. “நாங்கள் இக்கருவியை வடிவமைத்தோம், நிரல் எழுதினோம், சோதித்தோம்” என்றாள் பேத்தி. “நீர் அலையும்போது அளவு மாறி மாறிக் காட்டுமே, என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். “பல முறை அளந்து சராசரியை எடுத்துக்கொண்டோம்” என்றாள். தோழி அதைச் செய்தபோது அருகில் இருந்து பார்த்தவள் ஆதலின் விடை தெரிந்திருந்தது. அதிகாரி மகிழ்ந்து, “நன்றாகச் செய்திருக்கிறீர்கள்” என்றார். அந்த ‘நீங்கள்’ ஒருவரைக் குறித்ததா, நால்வரையா என்று பிரித்தறிய ஆங்கிலத்தில் வழியில்லை. நம் மரியாதைத் தமிழிலும் இல்லை. பேத்தி நன்றி சொல்லி எழுந்து வந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்குள் தோழி சென்றாள். தொட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் அதிகாரி புன்னகை செய்து, “இந்தத் தொட்டியை இன்று ஏற்கெனவே பார்த்துவிட்டேன், வேறு ஏதேனும் சொல்லுங்கள்” என்றாராம். வேறு சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. ஆங்கிலமும் தடுமாறியது. மாலையில் ஒட்டிய பட்டியலில் பேத்தியின் பெயர் இருந்தது. தோழியின் பெயர் இல்லை. அவள் பேத்தியின் கையைப் பிடித்து வாழ்த்தினாளாம். “அவள் ஒரு சொல் கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு நன்றாயிருந்திருக்கும், பாட்டி” என்றாள் பேத்தி.

‘நாங்கள் எழுதினோம்’ என்பது பொய்யா? இலக்கணப்படி அன்று. குழுவில் ஒருவர் எழுதினாலும் குழு எழுதியதே. வயலில் நாற்று நட்டவர்கள் பெண்களாயினும் ‘நாங்கள் பயிர் வைத்தோம்’ என்று நிலக்காரர் சொல்கிறார், எவரும் மறுப்பதில்லை. இக்கட்டுரையிலேயே ஒருவராய் இருந்துகொண்டு நாம் ‘நாம்’ என்று எழுதுகிறோம். அது எழுத்து மரபு, வாசகர் அதை அறிவர். ஆகவே குற்றம் அச்சொல்லில் இல்லை. கேட்பவர் அச்சொல்லிலிருந்து எதை எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல்பவர் அறிந்திருந்தாரா, அறிந்தும் அதை அப்படியே விட்டாரா என்பதில்தான் இருக்கிறது. பேத்தியிடம் இதைக் கேட்டோம். “அறிந்திருந்தேன்” என்றாள். அதற்குமேல் அவளைக் கேட்க நமக்கு மனம் வரவில்லை.

உள்ளேயிருந்து மகன் வந்தான். கூட்டுறவு வங்கியில் பணிபுரிபவன், கணக்குத் தெரிந்தவன். “அம்மா, குழந்தையை ஏன் கலக்குகிறீர்கள்? நேர்காணல் என்பது துணிக்கடைப் பேரம் போன்றது. கடைக்காரர் ஆயிரம் என்பார், வாங்குபவர் அறுநூறு என்பார். எண்ணூறு என்பது இருவருக்கும் தெரியும். அங்கே யார் யாரை ஏமாற்றினார்கள்? எல்லோரும் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்பதை அந்த அதிகாரியும் அறிவார். கல்விக் கடனை வரும் ஆண்டு முதல் அடைக்கத் தொடங்க வேண்டும், அதையும் நினைத்துப் பாருங்கள்” என்றான்.

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நேர்காணலில் கேட்கப்படும் பல கேள்விகள் சடங்காகிவிட்டவை என்பது உண்மையே. ‘எங்கள் நிறுவனத்தை ஏன் விரும்புகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். வேலை வேண்டும் என்பதே விடை என்பதைக் கேட்பவரும் அறிவார். ஆயினும் நிறுவனத்தின் பெருமையை இரண்டு வரி சொல்வது, வீட்டிற்கு வந்தவரிடம் ‘சாப்பிட்டுப் போங்கள்’ என்று சொல்வதைப் போன்ற ஒரு மரியாதை. இதைப் பொய் என்று நாம் கொள்ளவில்லை. ‘எந்த ஊரிலும் எந்த நேரத்திலும் பணிபுரியச் சம்மதமா?’ என்று ஒரு கேள்வி உண்டு. எல்லோரும் ‘ஆம்’ என்கின்றனர். இது சற்று எடை கூடியது, ஏனெனில் இது வாக்குறுதி. இரவு உண்ணாத குடும்பத்துப் பிள்ளை, பிற்பகல் தொடங்கி நள்ளிரவை எட்டும் பணிமுறைக்கு ‘ஆம்’ என்னும் முன் வீட்டில் கலந்து பேசியிருக்க வேண்டும். வழி உண்டு, பணிக்கு இடையில் பொழுது சாயுமுன் உண்டுவிடும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஆனால் யோசியாது சொல்லிவிட்டு, சேர்ந்த பிறகு முறையிடுவது சரியன்று.

செய்ததைப் பற்றிய கூற்று இவ்விரண்டையும் போன்றதன்று. அதை நம்பித்தான் ஆளெடுக்கிறார்கள்.

நம் ஆகமங்கள் இவ்விடத்தில் மிகவும் நுட்பமாகப் பேசுகின்றன. தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் வாய்மை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல். ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்துக்கு உரியது என்று நாம் நினைத்திருந்தோம். 2022 நவம்பரில் அக்சென்ச்சர் நிறுவனம் இந்தியாவில் தன் ஊழியர் சிலரை நீக்கியது. இல்லாத நிறுவனங்களின் பெயரால் அனுபவச் சான்று காட்டி வேலை பெற்றிருந்தனர் என்பது காரணம். கூடலேகம் இன்றும் நம்மிடையே வாழ்கிறது. பேத்தி செய்தது அதுவன்று. ஆனால் அதே நூலின் 6ஆம் அத்தியாயத்தில், நீச கோத்திர வினைக்குக் காரணமானவை கூறப்படுகின்றன: தன்னைப் புகழ்தல், பிறரைப் பழித்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாததை வெளிப்படுத்தல். பேத்தி எவரையும் பழிக்கவில்லை. ஆயினும் கடைசி இரண்டும் ‘நாங்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இதை அவளிடம் வாசித்துக் காட்டினோம். அவள் நெடுநேரம் பேசவில்லை.

மகனின் பேரக் கணக்கிற்கு வருவோம். கடையில் இருப்பவர் இருவர். நேர்காணலில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் வெளியே தாழ்வாரத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கிறார். எல்லோரும் பத்தைப் பதினைந்து என்று சொல்லும் இடத்தில், கேட்பவர் பதினைந்தைப் பத்தாகக் குறைத்துக்கொள்வார். அதுவரை மகன் சொல்வது சரி. ஆனால் பத்தைப் பத்து என்றே சொன்னவரையும் அவர் அவ்வாறே குறைப்பார். அவர் ஆறாகிவிடுவார். எவரும் ஏமாறவில்லை என்று எப்படிச் சொல்வது?

இதை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. ஒரு பழைய குற்றத்திலிருந்து கற்றோம். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

1976 என்று நினைவு. ஒரு சிற்றூர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நம் பொறுப்பில் இருந்தது. துணைப் பள்ளி ஆய்வாளர் ஆண்டாய்வுக்கு வரும் நாள். அக்காலத்தில் பல பள்ளிகளில் வழங்கிய ஒரு தந்திரத்தை மூத்த ஆசிரியர் ஒருவர் நமக்குக் கற்பித்தார்: ஆய்வாளர் கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கையை உயர்த்த வேண்டும், விடை தெரிந்தவர் வலக்கையை, தெரியாதவர் இடக்கையை. ஆசிரியை வலக்கை உயர்த்திய பிள்ளையை எழுப்புவார். நாமும் இரண்டு நாள் பழக்கினோம். ஆய்வாளர் வந்தார், கேட்டார், வகுப்பே கைகளாய் நின்றது. ஒரு சிறுவன் மட்டும் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். ஆய்வாளர் அவனையே பார்த்தார். “இவன் ஒருவன்தான் மந்தம் போலும், தனிக்கவனம் வேண்டும்” என்று சொல்லிக் குறிப்பேட்டிலும் எழுதிச் சென்றார். நமக்குப் பாராட்டு.

அவர் சென்றபின் அச்சிறுவனைக் கடிந்துகொண்டோம். “தெரியாததற்கு எப்படி டீச்சர் கை தூக்குவது?” என்றான். வகுப்பில் விடை தெரியாதவர்கள் பதின்மருக்கும் மேல். அவர்களை எல்லாம் உயர்ந்த கைகள் மறைத்தன. மறைக்காத ஒருவன் மட்டும் ஏட்டில் மந்தனானான். ஆய்வாளர் அத்தந்திரத்தை அறியாதவரா என்று பிற்காலத்தில் எண்ணியதுண்டு. அவரும் முன்பு ஆசிரியராய் இருந்தவர்தாமே, அறிந்திருக்கவும் கூடும். அறிந்திருந்தால் மட்டும் அச்சிறுவனுக்கு என்ன பயன்? அந்தக் குறிப்பை மாற்ற நாம் எதுவும் செய்யவில்லை. பாராட்டை வைத்துக்கொண்டோம். இதையும் பேத்தியிடம் சொன்னோம். பாட்டியைப் பற்றி அவள் கொண்டிருந்த எண்ணம் சற்றுக் குறைந்திருக்கலாம், குறையட்டும்.

நிறுவனங்களின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் என்று சொல்லும்போது, நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கையும், பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகையையும், கிடைத்தால்தான் உண்டு என்னும் ஊக்கத் தொகையையும் அதில் சேர்த்தே சொல்கின்றனர். கைக்கு வருவது வேறு. 2022இல் பட்டம் பெற்ற பலர் பணி வழங்கும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சேரும் நாள் தெரியாமல் நெடுங்காலம் காத்திருந்த செய்தி நாளேடுகளில் வந்தது. திருக்குறளின் பொருட்பாலில் ஆளைத் தெரிந்தெடுப்பதற்கென்றே ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பதினைந்து நிமிடத்தில் ஒருவரை அறிந்துவிடலாம் என்று அவற்றில் எங்கும் இல்லை. அந்த அதிகாரி, “இதில் நீங்கள் செய்தது எது?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நம் பேத்தி உண்மையைச் சொல்லியிருப்பாள், இதை உறுதியாக நம்புகிறோம். தோழியிடம் நிரலின் ஒரு வரியைப் பற்றிக் கேட்டிருந்தாலும் போதும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்த்து முடிக்க வேண்டியவருக்கு அக்கேள்விக்கு நேரமில்லை. அது அவர்கள் குறை. அவர்கள் குறையைக் காட்டி நம் குறையைக் கழித்துக்கொள்ள மகன் விரும்பினான். பள்ளிக் கணக்கில் அப்படி ஒரு கழித்தல் இல்லை.

“அப்படியானால் வேலையை வேண்டாம் என்று எழுதிவிடவா?” என்றாள் பேத்தி. மருமகள் அடுக்களையில் பாத்திரத்தைச் சற்று ஓசையுடன் வைத்தாள். நாம் உடனே விடை சொல்லவில்லை. வேலையைத் துறப்பதில் ஒரு தூய்மை இருப்பது போல் தோன்றும். ஆனால் அவள் விட்ட இடம் தோழிக்குப் போகாது. பட்டியலில் இல்லாத எவரோ ஒருவருக்குப் போகும், அல்லது யாருக்கும் போகாது. அடைக்க வேண்டிய கடனோ தந்தையின் தலையில் விழும். யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரைச் சென்றடையாத பரிகாரம், நம் மனநிறைவுக்காக நாம் செய்துகொள்வது மட்டுமே. இதை நாம் சொன்னபோது, நாமும் நம் மகனைப் போலவே வசதியான விடையைத் தேடுகிறோமோ என்ற ஐயம் எழுந்தது. இப்போதும் அது முற்றும் நீங்கவில்லை. வாசகர்களில் சிலர் வேறு விதமாகத் தீர்ப்பளிக்கலாம்.

“தோழியை அழைத்து வா” என்றோம்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை இருவரும் வந்தனர். மெலிந்த, அதிகம் பேசாத பெண். அவளுடைய தன்விவரக் குறிப்பை வாங்கிச் சிவப்பு மையால் திருத்த உட்கார்ந்தோம், பழைய பழக்கம். கடின உழைப்பாளி, ஆர்வமிக்கவர், திறமையானவர் என்ற பெயரடைகளை எல்லாம் அடித்தோம். அடித்தபின் அரைப் பக்கம் வெறுமையானது. “இனி வினைமுற்றுகளை மட்டும் எழுது. என்ன செய்தாய்?” என்றோம். “நிரல் எழுதினேன்” என்றாள். “எத்தனை வரி?” எண்ணிச் சொன்னாள். “எத்தனை முறை தவறியது?” அதையும் சொன்னாள். “எங்கே சோதித்தாய்?” விடுதி வாளியில் சோதித்த பிறகு, விடுமுறையில் ஊர்த் தொட்டியிலேயே பொருத்திப் பார்த்ததாகவும், அன்றிரவு தந்தை எழாமல் உறங்கியதாகவும் சொன்னாள். இச்செய்தி அவள் குறிப்பில் எங்கும் இல்லை. “ஏன் எழுதவில்லை?” என்றோம். “பெருமையாகச் சொல்வது போல் இருக்கும் என்று விட்டுவிட்டேன், அம்மா” என்றாள்.

இங்கே நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை வளர்க்கும் முறையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தற்புகழ்ச்சி தீது என்று சொல்லிக் கொடுக்கிறோம், நல்லது. செய்ததைச் சொல்வது புகழ்ச்சியன்று, கணக்கு ஒப்புவித்தல் என்பதைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிடுகிறோம். உள்ளதை மறைப்பதும் உள்ளபடி சொல்லாமையே. நாற்பது பேர் கை தூக்கும் வகுப்பில், தெரிந்தும் கை தூக்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை ஆய்வாளர் எங்ஙனம் அறிவார்?

பேத்தி அவளுடன் நாள்தோறும் அரை மணி ஆங்கிலத்தில் பேசிப் பழக்கத் தொடங்கினாள். தொலைபேசியில்தான். ஒரு நிறுவனத்தில் தேர்வானவர் மற்றொன்றுக்குச் செல்லலாகாது என்பது அவர்கள் கல்லூரி விதி. ஆதலின் பேத்திக்கு இனிப் போட்டியில்லை. இது பெரிய தியாகம் ஒன்றுமன்று என்று அவளே சொன்னாள்.

மற்றொன்றையும் அவளாகவே செய்தாள், நாம் சொல்லவில்லை. சித்திரையில் கல்லூரிக்குச் சமர்ப்பிக்க வேண்டிய திட்டப்பணி அறிக்கையின் முகப்பில் ஒரு தாளைச் சேர்த்தாள். எண்ணம், நிரல், சோதனை ஆகியவை யாருடையவை; உறுப்புகளை வாங்கியவர் யார்; அறிக்கையும் படங்களும் யாருடையவை; அச்சு யாருடையது என்று நான்கு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயர். பெயருக்கு எதிரே கையொப்பம். நேர்காணலுக்குச் செல்லும்போது தோழி அதன் படியைக் கையில் எடுத்துச் செல்லலாம் என்பது அவள் நினைவு. தன் பெயருக்கு எதிரே முதலில் ஒப்பமிட்டவள் பேத்தியே. தோழி ஒரு நாள் யோசித்துவிட்டு இட்டாள். ரிச்சி தெருவுக்குச் சென்று வந்த இளைஞர், “வாங்கி வந்தேன் என்பது மட்டும்தானே? உண்மைதான்” என்று சிரித்துக்கொண்டே இட்டாராம்.

நான்காமவர் இடவில்லை. தைத் திங்களில் வேறொரு நிறுவனம் கல்லூரிக்கு வருகிறது. தோழியோடு அவரும் செல்கிறார். நேர்காணல் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர்மீது நமக்குச் சினமில்லை. அவர் வீட்டிலும் கடன் இருக்கும்.

தாள் இப்போது பேத்தியின் கோப்பில் இருக்கிறது. மூன்று கையொப்பங்கள் உள்ளன.